இருட்டுச் சாலையில் சைக்கிளும் நடப்பவரும்: மயிரிழையில் தப்பிய இரவுகள்

கோத்தகிரி வாசகரின் கேள்வி, நவம்பர் 11

வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் சைக்கிளில் வீடு திரும்புகிறேன். கடந்த ஒரு மாதத்தில் மூன்று முறை, நடந்து போகிறவர்கள்மீது மோதாமல் மயிரிழையில் தப்பினேன். என் சைக்கிளில் விளக்கு எரிகிறது, மணியும் அடிக்கிறேன். அவர்களோ கறுப்பு ஸ்வெட்டரும் குல்லாவுமாக, கையில் டார்ச் இல்லாமல், சாலையின் நடுவில் நடக்கிறார்கள். தவறு அவர்களுடையது என்றே எனக்குப் படுகிறது. வேறு விதமாக நினைப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

நவம்பர் 11, இரவு 10.50

டார்ச் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். கட்டபெட்டுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். பதினாறு ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பகலில் பறித்த பச்சை இலை பல மணி நேரம் வாடிய பிறகே இயந்திரத்துக்குப் போகும் என்பதால், ஊர் உறங்கும் நேரத்தில்தான் எங்கள் வேலை மும்முரமாக நடக்கும். ஆகவே இரவு பத்து மணிக்கும் விடிவதற்கு முன்பும் இந்தச் சாலைகளில் நடப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள்; அவர்களில் பெரும்பாலோர் கையில் வெளிச்சம் இருக்காது.

காலமும் நமக்கு எதிராக இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியமான மழை. பகல் சுருங்குகிற அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே மழையும் மூடுபனியும் இங்கே சேர்ந்து வருகின்றன. உங்களுக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை நேர்ந்தது எனக்கு வியப்பாக இல்லை.

ஆனால் நடுவில் நடப்பது தவறு என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு பாட்டி. அதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

நவம்பர் 12, காலை 6.30

விளக்கு எரிகிறது என்கிறீர்கள். அது எவ்வளவு தூரம் காட்டுகிறது, அந்தத் தூரத்துக்குள் உங்களால் நிற்க முடிகிறதா என்பவை தனித்தனிக் கேள்விகள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு 8.3 மீட்டர் கடக்கிறோம். ஓர் உருவம் கண்ணில் பட்டு, அது மனிதர்தான் என்று புரிந்து, விரல் பிரேக்கை இழுப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 12.5 மீட்டர் போய்விட்டோம். நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை முதல் ஓரிரு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்கும் வேலையை மட்டுமே செய்யும். அதன் பிறகும் ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 2 மீட்டர் என்ற அளவே குறையும் என்று கொண்டால், நிற்பதற்கு இன்னும் 17 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் 30 மீட்டர்.

என் விளக்கு அதில் பாதித் தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டுகிறது.

நவம்பர் 12, இரவு 11.15

காலையில் போட்ட கணக்கு பிழையானது. சமதளத்துக்குப் போட்டுவிட்டேன், நாம் ஓட்டுவதோ மலையில். நீங்களும் நானும் ஆளை மோதப் பார்த்த இடங்கள் எல்லாம் இறக்கங்களாகவே இருக்கும், ஏனென்றால் ஏற்றத்தில் நாம் நடப்பவரைவிட வேகமாகப் போவதே இல்லை. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி இறங்கும் சாலையில், பிரேக் குறைக்கும் அந்த 2 மீட்டரில் ஏறத்தாழ 0.8 மீட்டரைப் பூமியின் இழுப்பு திரும்பப் பறித்துக்கொள்ளும். மிஞ்சுவது 1.2. அந்தக் கணக்குப்படி 30 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 41 மீட்டர் வேண்டும். அதே இறக்கத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 13.5 மீட்டர் போதும். வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரத்தில் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்த ஒன்றரை நொடி அவருக்கும் உண்டு.

நவம்பர் 14, பிற்பகல்

பாட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நவம்பர். ஷிப்டு முடிந்து பத்தரை மணிக்கு, கற்பூர மரங்கள் இரண்டு பக்கமும் மூடியிருக்கும் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, மேகம் சாலைவரை இறங்கியிருந்தது. வளைவைத் தாண்டியதும் என் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் தெரிந்தது. அது குடை என்று எனக்குப் புரியவில்லை. சாலையில் தேங்கிய நிழல் என்றே நினைத்தேன், ஏனென்றால் குடைக்குக் கீழே கால்கள் தெரியவில்லை; கறுப்புச் சால்வை கணுக்கால்வரை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பிரேக்குகளையும் இழுத்தேன். பின்சக்கரம் வீரிட்டுக்கொண்டே பக்கவாட்டில் இழுத்தது. நின்றபோது என் ஹேண்டில் பாரின் நுனி குடையின் ஒரு கம்பியை வளைத்திருந்தது. அந்தக் கம்பியின் முனையிலிருந்து தண்ணீர் என் கைமீது சொட்டிக்கொண்டிருந்தது.

பாட்டி திரும்பவில்லை. அசையவும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார். "பாட்டி, சைக்கிள்தான்" என்று நான் சொன்ன பிறகுதான் மெல்லத் திரும்பி, "மாடுன்னு நெனச்சேன் தம்பி" என்றார். காட்டெருமையைத்தான் இங்கே மாடு என்பார்கள். ஓடினால் துரத்தும், அசையாமல் நின்றால் போய்விடும் என்று அவர் கேட்டு வளர்ந்திருக்கிறார். பின்னால் ஏதோ வருகிற சத்தம் கேட்டதும் அதைத்தான் செய்திருக்கிறார். ஒதுங்கத் தெரியாமல் நின்றவர் அல்லர் அவர்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவருடைய வீடுவரை நடந்தேன். ஏன் நடுவில் நடக்கிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். சாலையின் மலைப்பக்கம் மூடாத வடிகால். பள்ளத்துப் பக்கம் தேயிலைச் செடிகள் தார் விளிம்புவரை வளர்ந்திருக்கின்றன. செடிக்குள் கரடி இருந்தாலும் மாடு இருந்தாலும் கை நீட்டும் தூரத்துக்கு வந்த பிறகே தெரியும். நடுவில் நடந்தால் இரண்டு பக்கமும் நான்கைந்து அடி இடைவெளி கிடைக்கும். அவ்வளவுதான் அவருடைய விடை. அவருக்கு அந்தச் சாலையில் ஆபத்து என்றால் ஓரத்திலிருந்து வருவது. எனக்கு நடுவில் இருப்பது. பன்னிரண்டு ஆண்டுகள் அதே சாலையில் ஓட்டியும் அன்றுவரை இது எனக்குத் தோன்றியதில்லை.

அதற்கு முன்பெல்லாம் நடுவில் நடப்பவர்களைத் திட்டிவிட்டுத்தான் கடந்திருக்கிறேன்.

நவம்பர் 15

ஒரு சிறு சேர்க்கை. இந்த மலையில் இரவில் ஓட்டுகிறவர்களின் கண் விலங்கைத் தேடப் பழகிவிட்டது. காட்டெருமையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், உடல் தெரியும் முன்பே இரண்டு புள்ளிகள் மின்னிவிடும். மனிதக் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. மின்னும் புள்ளிகளைத் தேடிக்கொண்டே போகிறவன், மின்னாத மனிதரைக் கடைசி நொடியில்தான் பார்க்கிறான். எனக்கு நேர்ந்தது இதுவாகவும் இருக்கலாம் என்று நேற்று எழுதி முடித்த பிறகு தோன்றியது.

நவம்பர் 17, இரவு

மணி அடித்தால் போதாதா என்று அருவங்காட்டு நண்பர் கேட்கிறார். போதாது. இங்கே நவம்பரில் நடப்பவர் பெரும்பாலும் குரங்குக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, அதன்மேல் துண்டையும் சுற்றியிருப்பார். மழை குடைத்துணியில் பொழிகிற சத்தமே அவர் காதில் நிறைந்திருக்கும். மணி கேட்டாலும் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் பாய்வார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்து, ஒரே பக்கம் சேர்ந்துகொள்வதற்காகக் குறுக்கே ஓடிவருவார்கள். குழந்தையோடு வருபவர்கள் இதை இன்னும் வேகமாகச் செய்வார்கள். என் அனுபவத்தில் மணி அடித்த பிறகு வரும் மூன்று நொடிகள்தான் மிகவும் ஆபத்தானவை.

ஆகவே நான் குரல் கொடுக்கிறேன். கரடிக்குத் தெரியட்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் சத்தமாகப் பேசிக்கொண்டோ, கனைத்துக்கொண்டோ, கைதட்டிக்கொண்டோ நடப்பது பழக்கம். நாமும் அந்தப் பழக்கத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். "சைக்கிள் வருதுங்க, வலப்பக்கமா போறேன்" என்று கொஞ்ச தூரத்திலேயே சொல்லிவிட்டால், வருவது மனிதன் என்பதும் எந்தப் பக்கம் போகிறான் என்பதும் ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

நவம்பர் 19

நான் மேலே எழுதியதைக் குன்னூரிலிருந்து ஒரு சகோதரி மறுத்திருக்கிறார். அவர் சொல்வது முற்றிலும் சரி, நான் அதை யோசிக்கவில்லை. இருட்டில் தனியாக நடக்கும் பெண்ணுக்குப் பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஆணின் குரல் வருவது, மணியைவிட, சில வேளைகளில் மாட்டைவிட, அதிக அச்சம் தரும். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று அவர் காது கொடுத்துக் கேட்கும் நிலையிலேயே இருக்க மாட்டார். அதைவிட மோசம், வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வருவது. நான் அதையும் செய்திருக்கிறேன், மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

அவர் சொன்ன வழியை அப்படியே எழுதுகிறேன். நன்கு தள்ளியிருக்கும்போதே மணியை இரண்டு முறை அடிக்க வேண்டும். அருகில் வந்த பிறகு அடிக்கவே கூடாது. அவர் பக்கம் தேர்ந்து ஒதுங்கும்வரை தள்ளியே இருக்க வேண்டும். பிறகு சாலையின் எதிர்ப்பக்கமாக, இடைவெளி விட்டு, தயங்காமல் கடந்து போய்விட வேண்டும். கடக்கும்போது பேச வேண்டியதில்லை. பேசியே ஆக வேண்டும் என்றால் ஊர்ப் பெயரைச் சொல்லலாம். விளக்கு வெளிச்சம் பின்னாலிருந்து விழும்போது தன் நிழல் முன்னே நீண்டு விழுவதைப் பார்த்தே சைக்கிள் வருவதைத் தெரிந்துகொள்வதாகவும், அந்த நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்து சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுகொள்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஆட்டாத விளக்கு ஒரு நல்ல மணி என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன்.

நவம்பர் 17 குறிப்பை நீக்கவில்லை. ஆனால் அதில் சொன்னது கூட்டமாக நடப்பவர்களுக்கும், தெரிந்தவர்களுக்கும் மட்டும் பொருந்தும்.

நவம்பர் 23

விளக்கைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் டைனமோ வைத்திருந்தேன். டயரோடு உரசும் பழைய புட்டி டைனமோவில் இரண்டு குறைகள் உண்டு. மெதுவாகப் போனால் வெளிச்சம் மங்கும், அதாவது எச்சரிக்கையாகப் போகிறவனுக்குத்தான் குறைந்த வெளிச்சம். மழையில் டயர் நனைந்தால் அதன் உருளை வழுக்கிச் சுற்றாமல் நின்றுவிடும். இப்போது சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு வைத்திருக்கிறேன்.

அதை வாங்கிய புதிதில் கண்சிமிட்டும்படி வைத்து ஓட்டினேன். எதிரில் வருபவர் கவனத்தை அது ஈர்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு தூரத்தில் வருகிறோம், எவ்வளவு வேகமாக வருகிறோம் என்று அவரால் கணிக்க முடியாமல் போகிறது. ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கு கண்சிமிட்டக் கூடாது என்பது சட்டம். இருட்டில் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணைப் பளீரென்ற விளக்கு ஒரு நொடியில் கெடுத்துவிடும். நடப்பவர் முகத்தில் விளக்கை அடித்து அவரைக் குருடாக்கிவிட்டு, அவர் ஒதுங்கவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அதே காரணத்தால், டீக்கடை வெளிச்சத்திலிருந்து இப்போதுதான் இறங்கிச் சாலைக்கு வருபவருக்கு எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடுபனியில் விளக்கு கண்ணுக்கு அருகில் இருந்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தலையில் கட்டும் விளக்கு இங்கே உதவாது. ஹேண்டிலிலிருந்து இறக்கி, முன்சக்கரத்து மட்கார்டுக்குச் சற்று மேலே என் விளக்கைப் பொருத்தி, ஒளி சாலையில் விழும்படி சாய்த்திருக்கிறேன். நல்ல பனியில் வெள்ளைச் சுவர் பாதியாகக் குறைந்தது.

நவம்பர் 30

உடை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், யாரையும் மாற்றச் சொல்வதற்காக அல்ல. கார்த்திகை பிறந்ததிலிருந்து மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் விடிவதற்கு முன்பே கறுப்பு வேட்டியில் கோவிலுக்கு நடக்கிறார்கள். இன்னும் சில வாரங்களில் ஹெத்தையம்மன் திருவிழா வரும்; விரதம் இருக்கும் படகர் இன மக்கள் வெள்ளை உடையில் பேரகணிக்கு நடப்பார்கள். ஒரே சாலை, ஒரே குளிர்காலம். என் விளக்குக்கு வெள்ளை உடை பல மடங்கு தூரத்தில் தெரிகிறது. அதே வெள்ளை, விடியும் நேரத்து அடர்ந்த பனியில் பனியோடு பனியாகக் கரைந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் கறுப்புத்தான் தெரிகிறது. எனவே நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்றைக் கணுக்காலில் கட்டினால் எந்த உடைக்கும் பொருந்தும். அதை நெஞ்சில் கட்டுவதைவிடக் காலில் கட்டுவது நல்லது என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. பட்டை காலோடு சேர்ந்து மேலும் கீழுமாக அசைவதைப் பார்த்ததும் அது மனிதர் என்று மூளை உடனே கண்டுகொள்கிறது. நெஞ்சில் உள்ள பட்டை ஒரு மைல்கல்லாகவும் இருக்கலாம், நிறுத்திய வண்டியாகவும் இருக்கலாம்.

நடப்பவர் தன்னைப் பிறர் பார்க்கிறார்கள் என்று நம்புவதற்கும் ஒரு காரணம் உண்டு. என் விளக்கை அவர் அரைக் கிலோமீட்டரிலிருந்தே பார்க்கிறார். தனக்கு அது தெரிகிறபோது தானும் அதற்குத் தெரிவதாக எண்ணுவது இயல்பு.

பாட்டியின் குடைக்கு அப்போதே ஒரு பட்டை ஒட்டிக்கொடுத்தேன். குடையை மாற்றிவிட்டார், பட்டையைப் பழைய குடையிலிருந்து உரித்துப் புதியதில் தைத்து வைத்திருக்கிறார்.

டிசம்பர் 3

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதை நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஏறுகிறவன் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம் என்பதுதான் காரணம். தலையில் விறகுக்கட்டோடு ஏறி வருகிற பெண்ணுக்கு அந்தக் காரணம் லாரியைவிடக் கூடுதலாகப் பொருந்தும். ஆனால் இறங்குகிற சைக்கிள்காரன் மணி அடித்து அவரை வடிகால் பக்கம் ஒதுக்குகிறான். கேள்வி கேட்ட நண்பருக்கு என் விடை இதுதான்: டார்ச் இல்லாதது அவர்கள் குறை, நிற்க முடியாத வேகம் நம் குறை. மோதினால் அடிபடப் போவது பெரும்பாலும் வயதான எலும்பு.

எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, அதாவது வலப்பக்கம் நடக்கச் சொல்லிப் பள்ளியில் கற்பிக்கிறார்கள். நேரான சாலைக்கு அது நல்லது. வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் அதுவே ஆபத்து, ஏனென்றால் நடப்பவர் பாறைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார், இடப்பக்கத்தை ஒட்டி இறங்கும் சைக்கிள் நேராக அவர்மீது வருகிறது. அப்படிப்பட்ட வளைவுக்கு முன்பே வெளிப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளும்படி என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 6, இரவு

நேற்று மழை இல்லாததால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் கறுப்பு ஸ்வெட்டரைச் சாலையோரத் தேயிலைச் செடியில் மாட்டிவிட்டு, மேலேயிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, அது கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நின்று, அங்கிருந்து தப்படி போட்டு அளந்தேன். பத்தொன்பது தப்படி. வெள்ளைத் துண்டை மாட்டியபோது ஐம்பத்தெட்டு. பட்டையை மாட்டியபோது எண்ணிக்கையை விட்டுவிட்டேன், வளைவு தொடங்கும் இடத்திலிருந்தே தெரிந்தது. ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும்; தெரியாதவனுக்குப் பத்தொன்பதுகூட இருக்காது.

எல்லோரும் அவரவர் இறக்கத்தில், அவரவர் விளக்கில் இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

டிசம்பர் 8

கேள்வி கேட்ட கோத்தகிரி நண்பர் தன் ஸ்வெட்டரை மாட்டி அளந்து எழுதியிருக்கிறார். அவருக்கு இருபத்திரண்டு தப்படி. தப்படிக்கு 75 சென்டிமீட்டர் என்றால் 16.5 மீட்டர் ஆகிறது. அவருடைய இறக்கமும் பன்னிரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஈரச் சாலைக்குக் கணக்குப் போட்டேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 21 மீட்டர் வேண்டும்; போதாது. 17 கிலோமீட்டரில் மிகச் சரியாக ஸ்வெட்டரைத் தொட்டுக்கொண்டு நிற்பார். 15 கிலோமீட்டரில் மூன்று மீட்டர் மிச்சம் இருக்கும்.